இரண்டாம் மாடிக்கு வந்த செவிப்பாம்பு: மர்பி டவுன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நான் போய்ச் சேர்ந்தபோது குளியலறை வாசலில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டம்ளரின் தலையில் பூண்டு நசுக்கும் குழவி. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அந்த வீட்டு ஆயா, குழந்தையின் பாட்டி, உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரமாக இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

"உள்ளதான் இருக்குதும்மா. இவங்க தொடப்பத்தோட வந்தாங்க, நான்தான் டம்ளரைப் போட்டு மூடிட்டேன். நாகத்தை அடிச்ச பாவம் நம்ம குழந்தைக்கு எதுக்கு?"

அன்று 2024 ஜூன் 6, வியாழக்கிழமை. பெங்களூரு மர்பி டவுனில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி வீடு அது. மூன்று வாரத்தில் அந்த வீட்டுக்குள் கண்ணில் பட்ட எட்டாவது "பாம்புக்குட்டி" அந்த டம்ளருக்குள் இருந்தது. முன்னால் வந்த ஏழும் அடிபட்டோ, கூட்டித் தள்ளப்பட்டோ, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றித் தள்ளப்பட்டோ போய்விட்டன. ஆயா காப்பாற்றிய இந்த ஒன்றுதான் உயிரோடும் முழுசாகவும் பார்க்கக் கிடைத்தது. அது இல்லையென்றால் நான் இந்த ஆய்வை எழுதியிருக்க முடியாது.

நான் பாம்பு பிடிப்பவள் இல்லை. பள்ளியில் பல வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த வீட்டு மருமகள் என்னிடம் படித்த பெண். அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள். பாம்பு என்று வந்தால் முதலில் கூப்பிட வேண்டியது பயிற்சி பெற்ற மீட்பாளரைத்தான். அதை அவளிடம் தொலைபேசியிலேயே சொன்னேன். "கூப்பிட்டோம் டீச்சர். மழையில எல்லாருக்கும் அழைப்பு மேல அழைப்பு, ராத்திரி ஆகும்னு சொல்றாங்க. நீங்க வந்து பாத்தா எனக்கு நெஞ்சு அடங்கும்" என்றாள். போனேன்.

அந்த மூன்று வாரம்

அந்த வருடத்துக் கோடையைப் பெங்களூருக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியிலிருந்து தண்ணீர்ப் பஞ்சம், போர்வெல் வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த மாதங்கள். இந்த வீட்டில் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் யுட்டிலிட்டியில் பதினாலு தொட்டிகள் உண்டு. அரிசி கழுவிய தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும்தான் அவற்றுக்குக் கிடைத்தன. மண் பாதிக்குமேல் காய்ந்தே கிடந்தது. காய்ந்த மண்ணில் எறும்பு கூடு கட்டியது. இதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் மழை பிடித்தது. மே நடுவில் ஒரு நாள் காலை, யுட்டிலிட்டித் தரையில் கறுப்பாக ஒன்று நெளிந்தது. மண்புழு என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டார்கள். மாதக் கடைசி வாரத்தில் குளியலறையில் இரண்டு. அதில் ஒன்று நாக்கை நீட்டியதை மருமகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரே நாளில் பெங்களூரில் 111 மில்லிமீட்டர் மழை பெய்தது. 133 வருடத்தில் ஜூன் மாதத்து ஒரு நாளில் இவ்வளவு மழை பெய்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். யுட்டிலிட்டியின் கம்பி அழி வழியாகச் சாரல் அடித்துத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. அன்று இரவு மட்டும் நான்கு. மூன்று குளியலறையில், நான்காவது ஐந்து வயதுக் குழந்தை படுத்திருந்த தரை மெத்தையின் ஓரத்தில்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பயத்தில் நடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கன்னடக்காரர், நல்ல மனிதர். அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்துவிட்டு "நாகர ஹாவின மரி" என்றார், அதாவது நல்லபாம்புக் குட்டி. குட்டி இருந்தால் தாய் எங்கே என்ற கேள்வி வந்தது. கழிப்பறைக் குழாய் வழியாக ஏறி வருகிறது என்று யாரோ சொல்ல, கோப்பைமேல் பலகை போட்டு அதன்மேல் அரிசி மூட்டையை வைத்தார்கள். தெரிந்தவர் ஒருவர் கடையிலிருந்து கார்பாலிக் ஆசிட் வாங்கிவந்து குளியலறையைச் சுற்றியும் தொட்டிகளைச் சுற்றியும் ஊற்றினார். அந்த நெடியில் ஆயாவுக்கு இழுப்பு கண்டது. ஊற்றியவருக்குக் கை விரல் வெந்து தோல் உரிந்தது. கார்பாலிக் ஆசிட் என்பது ஃபீனால். தோலைச் சுடும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் ஏறும். குழந்தை உட்கார்ந்து விளையாடும் வீட்டில் அதைத் தரையில் ஊற்றுவதைப் பாம்பைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து என்றுதான் சொல்வேன்.

ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். இரவு குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தடிப்பு தெரிந்தது. வீடே அலறிப் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடியது. அங்கே இருந்த டாக்டர் நிதானமானவர். கண் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தார். குழந்தையின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார். உறைந்துவிட்டது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் இரத்தம் உறையாமல் தண்ணீராக நிற்கும். அப்படியும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார். விஷமுறிவு மருந்து போடவில்லை. "பாம்புன்னு சொன்னோம், ஆனா மருந்தே போடல" என்று மருமகளுக்கு அப்போது வருத்தம். அவர் செய்ததுதான் சரி என்று அவளுக்கு விளக்கினேன். விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பி உயிருக்கே ஆபத்தாகும். உடம்பில் விஷம் ஏறிய அடையாளம் இருந்தால்தான் போட வேண்டும்.

அந்தத் தடிப்பு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டம்ளருக்குள் என்ன

டம்ளருக்கு அடியில் ஒரு கெட்டி அட்டையைத் தள்ளி, அப்படியே தூக்கி, மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினேன். கையில் தடித்த உறை போட்டிருந்தேன். என்னவென்று தெரியாத பாம்பை வெறும் கையால் தொடக்கூடாது. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

நீளம் ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் 13 சென்டிமீட்டர். பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் அளவுக்குத்தான் பருமன். கறுப்பு கலந்த பழுப்பு, எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு. முதல் பார்வையில் எவருக்கும் மண்புழு என்றுதான் தோன்றும். ஆனால் மண்புழுவின் உடம்பு வளையம் வளையமாக இருக்கும். சுருங்கி நீண்டு, சுருங்கி நீண்டு நகரும். போன வழியில் ஈரப் பசை இருக்கும். இது இடமும் வலமுமாக வளைந்து ஓடியது. கிண்ணத்தில் பசை ஒட்டவில்லை. நாக்கு நூல் மாதிரி வந்து வந்து போனது. பாம்புதான்.

எந்தப் பாம்பு? மருமகள் கேட்ட முதல் கேள்வி, "நல்லபாம்புக் குட்டியா, கட்டுவிரியன் குட்டியா டீச்சர்?"

இரண்டும் இல்லை என்று சொல்ல நீளமே போதும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் முட்டையிலிருந்து வெளியே வரும்போதே ஏறக்குறைய ஓர் அடி நீளம் இருக்கும். 13 சென்டிமீட்டரில், ரீஃபில் பருமனில் அவற்றுக்குக் குட்டியே கிடையாது. சுருட்டை விரியனின் குட்டி சிறியதுதான். ஆனால் அதற்குக் கழுத்து ஒடுங்கித் தலை அகன்றிருக்கும், செதில் சொரசொரப்பாக இருக்கும். கிண்ணத்தில் இருந்ததற்குத் தலை எது, வால் எது என்றே சட்டென்று தெரியவில்லை.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. தென்னிந்தியாவில் மெல்லிய பவளப்பாம்பு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஒல்லி, அதுவும் ஒளிந்து வாழ்வது. ஆனால் விஷமுள்ளது. நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்குத்தான் தயாராகிறது. பவளப்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் யாராவது கைபேசியில் மங்கலான ஒரு படத்தை அனுப்பி "இது சும்மா புழுப்பாம்புதானே?" என்று கேட்டால் நான் ஆமாம் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடிவயிறு. கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து பார்த்தேன். சாதாரணமாகப் பாம்புகளின் அடிவயிற்றில் குறுக்கே அகலமான பட்டைச் செதில்கள் ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கும். பவளப்பாம்புக்கும் உண்டு, கட்டுவிரியனுக்கும் உண்டு. இதற்கு இல்லை. முதுகில் இருக்கும் அதே சின்னஞ்சிறு செதில்தான் வயிற்றிலும், உடம்பைச் சுற்றிலும் ஒரே அளவில். குருட்டுப்பாம்புக் குடும்பத்தின் முத்திரை அது. பவளப்பாம்பு என்றால் தலையும் கழுத்தும் கறுத்திருக்கும், வாலில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும், அடிப்பக்கம் சிவந்திருக்கும். அவையும் இல்லை. கைபேசி கேமராவில் லென்ஸ் மாட்டித் தலையைப் பெரிதாக்கினேன். செதிலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அவைதான் கண். வெளிச்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான். வாலின் நுனியில் ஒரு குட்டி முள்.

செவிப்பாம்பு. புழுப்பாம்பு, குருட்டுப்பாம்பு என்றும் சொல்வார்கள். ஆராய்ச்சிப் பெயர் இண்டோடிஃப்லாப்ஸ் பிராமினஸ். விஷம் இல்லை. கீழ்த்தாடையில் பல்லே இல்லை. மேல்தாடையில் இருக்கும் நுண்ணிய பற்களை வேகமாக முன்னும் பின்னும் ஆட்டி இரையை வாய்க்குள் வாரிப் போட்டுக்கொள்ளும். அந்த வாய் மனிதத் தோலைக் கவ்வ முடியாத அளவு சிறியது. கையில் எடுத்தால் வால் முள்ளால் அழுத்தும். சுருக்கென்று ஒரு உணர்வு, அவ்வளவே. கொட்டுகிறது என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு பக்கமும் தலைதானே?" என்றார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அங்கே தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாட்ரிக் ரசல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796 இல் எழுதியபோது, விசாகப்பட்டினத்தில் கிடைத்த இதே பாம்புக்கு ஊர்க்காரர்கள் சொன்ன பெயரை அப்படியே பதிவு செய்தார்: "ரெண்டு தலல பாமு". 1803 இல் அதை வைத்துத்தான் இந்த இனத்துக்கு முறையான பெயரே வந்தது. தமிழில் இருதலைப் பாம்பு என்றால் மண்ணுளியைத்தான் சொல்கிறோம், அது வேறு பாம்பு. ஆயாவுக்கு அவர் ஊர்ப்பேச்சு சரியான இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

காது

விஷம் இல்லை என்றவுடன் பயம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. மருமகளின் பயம் விஷத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

"காதுக்குள்ள போயிடும்னு சொல்றாங்களே டீச்சர். பேரே செவிப்பாம்புதானே."

மே கடைசி வாரத்திலிருந்து அவள் தினமும் இரவில் குழந்தையின் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருக்கிறாள். குழந்தை பிடுங்கிப் போட, இவள் மறுபடி அடைக்க, காதுக்குள் புண்ணாகிவிட்டிருந்தது. இந்த நிகழ்வில் அந்தக் குழந்தைக்கு உண்மையில் ஏற்பட்ட காயம் அது ஒன்றுதான்.

அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். மண்தரை வீட்டில் பாயில் படுத்து வாழ்ந்த காலத்தில் இந்தப் பாம்பை நம் பாட்டிமார் தினமும் பார்த்திருப்பார்கள். இதன் சுபாவம் சந்து கண்ட இடத்தில் தலையை நுழைப்பது. கிண்ணத்தில் கசங்கிய ஈரத்துணியைப் போட்டேன், அடுத்த நொடி மடிப்புக்குள் மறைந்துவிட்டது. ஒரு தடவை அதைப் பார்த்தவருக்குக் காது ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் அது தேடுவது மண்ணின் ஈரத்தையும் இருட்டையும் எறும்பு முட்டையையும். காதுத் துளை பெரியவர்களுக்கே இரண்டரை சென்டிமீட்டர்தான். அதற்குமேல் செவிப்பறை அடைத்து நிற்கிறது. அங்கே இதற்குச் சாப்பாடும் இல்லை, போக வழியும் இல்லை. காதுக்குள் போகும் பிராணி என்று டாக்டர்கள் எடுத்துப் போடுவது கரப்பான்பூச்சியையும் எறும்பையும்தான்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே குழந்தையின் தடிப்பைப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்னக் கொப்புளம், பக்கத்தில் புதிதாக இன்னொன்று. மெத்தையைத் தூக்கினால் சுவரோரம் சின்னச் சிவப்பு எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது, யுட்டிலிட்டியை நோக்கி. கடித்தது யார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டாம் மாடிக்கு எப்படி வந்தது

எனக்கு இந்த நிகழ்வில் மிகப் பெரிய கேள்வி இதுதான். சுவர் ஏறும் பாம்பு இல்லை அது. மண்ணுக்குள் வாழ்வது. குழாய் வழியாக இரண்டு மாடி உயரம் வழுவழுப்பான பிவிசி குழாயில் செங்குத்தாக ஏறி வந்தது என்பதை நான் நம்பவில்லை. அப்படி ஏறியிருந்தால் தரைத்தளத்து வீட்டிலும் முதல் மாடியிலும் முதலில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் போய்க் கேட்டேன். ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்றார்கள்.

எறும்பு வரிசை யுட்டிலிட்டிக்குப் போகிறது. யுட்டிலிட்டியும் குளியலறையும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்ட கதவு. ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை மொட்டை மாடியில் விரித்துப் பதினாலு தொட்டியையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். நானும் மருமகளின் கணவரான வீட்டுக்காரத் தம்பியும் மண்ணைக் கிளற, மருமகள் தள்ளி நின்று நோட்டில் எழுதினாள். பள்ளியில் அவள் செய்முறை நோட்டு எழுதிய அதே ஒழுங்கு.

எறும்புக் கூடு ஐந்து தொட்டியில் இருந்தது. அதில் மூன்றில் செவிப்பாம்பு. மல்லித் தொட்டியில் நான்கு, கறிவேப்பிலையில் இரண்டு, துளசியில் ஒன்று. மொத்தம் ஏழு. மற்ற இரண்டு எறும்புத் தொட்டிகளும் ரோஜா. லால்பாக் பக்கம் சித்தாபுரத்து நர்சரியில் வாங்கியவை. அவற்றில் எறும்பு முட்டை கைப்பிடி கைப்பிடியாக இருந்தும் பாம்பு ஒன்றுகூட இல்லை. இதுதான் எனக்கு முடிச்சை அவிழ்த்தது. எறும்பு இருந்ததால் மட்டும் பாம்பு வரவில்லை. அந்த மூன்று தொட்டிக்கும் பொதுவாக வேறு ஏதோ இருக்க வேண்டும்.

கேட்டேன். ஆயாதான் சொன்னார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், திரும்பி வரும்போது வீட்டு வாசலில் இருந்த மல்லிச் செடியை வேரோடும் மண்ணோடும் தோண்டி, ஈரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். "அந்த மல்லி எங்க மாமியார் வச்சது. கடைசி கன்னு. தாய்மண்ணு இல்லாம வேர் பிடிக்காது." தொட்டிக்கு அதிகப்படியான மண்ணை வீணாக்க மனமில்லாமல் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் போட்டிருக்கிறார். வேறு எதற்கும் போடவில்லை.

அந்தச் சாக்கு மண்ணோடு எத்தனை வந்திருக்கும்? ஒன்று போதும். இந்த இனத்தின் பெரிய அதிசயம் அது. செவிப்பாம்பில் ஆண் கிடையாது. எல்லாமே பெண். துணை இல்லாமலே முட்டை வைக்கும், அந்த முட்டையிலிருந்து தாயைப் போலவே இன்னொரு பெண் வரும். சாதாரணமாகப் பிராணிகளுக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதி என்றால் இதற்கு மூன்று தொகுதி, மொத்தம் 42. மலைப்பாம்பு போன்ற சில இனங்களில் எப்போதாவது ஒரு பெண் தனியாகவே குட்டிகளை உண்டாக்கியது உண்டு. ஆனால் இனம் முழுவதுமே அப்படி வாழ்கிற பாம்பு என்று உலகத்தில் அறியப்பட்டது இது ஒன்றுதான். அதனால்தான் செடித்தொட்டியின் மண்ணில் ஒளிந்து கப்பலேறி, அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற பாம்பு என்றால் புது ஊரில் ஓர் ஆணும் பெண்ணும் சந்தித்தாக வேண்டும். இதற்கு அந்தத் தேவை இல்லை. ஆங்கிலத்தில் இதற்குத் தொட்டிப் பாம்பு என்றே ஒரு பெயர் உண்டு.

எல்லாமே பெண், ஊர் மண்ணோடு வந்தது என்று நான் சொல்லி முடித்ததும் ஆயா ஃபிளெக்ஸ் ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுங்க எல்லாம் எங்க ஊரு பொண்ணுங்க" என்றார்.

"நான் கொண்டாந்த வினைதானா இவ்வளவும்?" என்றும் கேட்டார். வினை இல்லை என்றேன். அவர் கொண்டுவந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. கையை வேகவைத்ததும் காதைப் புண்ணாக்கியதும் அது இல்லை.

மழையின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். "கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்டது" என்று நாம் சொல்வது இடத்தைப் பறிப்பதற்கு. செவிப்பாம்பு கரையான் புற்றுக்கும் எறும்புக் கூட்டுக்கும் போவது சாப்பாட்டுக்கு. முட்டை, புழு, கூட்டுப்புழு, இவைதான் அதன் உணவு. காய்ந்த கோடையில் ஐந்து தொட்டியிலும் எறும்பு பெருகியது, மூன்றில் பாம்புக்குக் குறையில்லாத சாப்பாடு. மழை வந்து தொட்டி நிரம்பியதும் மண்ணுக்குள் மூச்சு விட இடமில்லாமல் வெளியே வந்தன. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்பார்கள். இங்கே எறும்பு சுவரோரமாகப் படுக்கையறைக்குப் போனது, பாம்பு ஈரம் தேடிக் குளியலறைக்குப் போனது. ஜூன் 3 அன்று ஆசிட் ஊற்றிய பிறகு இன்னும் அலைந்திருக்கும், தொட்டி ஓரமெல்லாம் நெடி.

ஒரு சின்னக் கொசுறு. கழிப்பறையில் தள்ளிய இரண்டும் செத்திருக்குமா என்று வீட்டுக்காரத் தம்பி கேட்டான். தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். 2013 இல் கிழக்குத் தீமோர் நாட்டிலிருந்து ஒரு பதிவு வெளிவந்தது. நம் வீட்டுக் கொல்லையிலும் இருக்கும் அதே தேரை ஒன்றின் பின்வாயிலிருந்து ஒரு செவிப்பாம்பு உயிரோடு வெளியே வந்தது. தேரையின் குடலை முழுக்கக் கடந்து வந்திருந்தது. இறுக்கமான வழவழப்பான செதில்தான் அதற்குக் கவசம். எறும்புக் கூட்டுக்குள் கடிபடாமல் புகுவதற்கு இருக்கும் கவசம் அதுதான்.

செய்தவை

பெரிதாக ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையைக் கழிப்பறைப் பலகையிலிருந்து இறக்கினோம். தரையை ஆசிட் நெடி போகும்வரை திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பஞ்சை நிறுத்திவிட்டு, குழந்தையைக் காது டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

தொட்டிகளை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, அடித் துளையில் நைலான் வலைத் துண்டு போட்டு மண்ணை மாற்றினோம். சாரல் அடிக்காமல் கம்பி அழிக்கு ஒரு தார்ப்பாய். குளியலறைக் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. தரை வடிகாலின் (நஹானி டிராப்) ஜாலி உடைந்திருந்தது, புதிது போட்டோம். எறும்புக் கூடுகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து அகற்றினோம், மருந்து அடிக்கவில்லை.

கண்டெடுத்த ஏழையும், முதல் நாள் டம்ளரில் இருந்து கிண்ணத்துக்கு மாறியதையும் சேர்த்து எட்டை, இருட்டும் நேரத்தில் கட்டடத்தின் பின்சுவர் ஓரம் முருங்கை மரத்தடி மண்ணில் விட்டோம். அங்கே எறும்பும் கரையானும் ஏராளம். பெங்களூரு மண்ணிலும் இயல்பாக வாழும் இனம்தான் இது. ஆகவே வெளியூர் உயிரை நுழைத்தோம் என்ற கவலை எனக்கு இல்லை. வீட்டுச் சொந்தக்காரரும் இறங்கி வந்து பார்த்தார். நல்லபாம்பு இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டது ஸ்கேலைப் பார்த்த பிறகுதான்.

மருமகளுக்கு மல்லித் தொட்டியையே கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆயா முகத்தைப் பார்த்து அவளாகவே விட்டுவிட்டாள். "இருக்கட்டும் அத்தை. அடியில செங்கல்லு மட்டும் வச்சுக்கலாம்." வேரோடு ஒட்டிய தாய்மண்ணை முழுக்க உதிர்த்தால் செடி செத்துவிடும். அந்த உருண்டைக்குள் ஒன்றோ ஒரு முட்டையோ மிஞ்சியிருக்கலாம் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் பெரியவர்கள் பார்க்க வேண்டும். ரீஃபில் அளவு, ஒரே நிறம், வளையம் இல்லை, பட்டை இல்லை என்றால் ஒரு கெட்டிக் காகிதத்தில் ஏற்றித் தொட்டியிலோ மரத்தடியிலோ விடலாம். அதைவிடப் பெரிதாக இருந்தால், வளையமோ பட்டையோ நிறமோ தெரிந்தால், கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு மீட்பாளரைக் கூப்பிட வேண்டும். ஈரோட்டுப் பாயும் தரை மெத்தையும் இருக்கும் வீடு, கட்டிலுக்கு மாறினால் நல்லது. இது செவிப்பாம்புக்காக இல்லை. பெங்களூரில் கட்டுவிரியனும் இருக்கிறது, தரையில் படுப்பவர்களை இரவில் கடிப்பது அதுதான்.

நாக வழிபாட்டுக்குப் பேர்போன காட்டி சுப்ரமண்யா கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்றார் ஆயா. முன்னால் போன அந்த ஏழுக்காக. நானும் உடன் போனேன்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் ஒன்றும் வரவில்லை. அக்டோபர் நடுவில் மறுபடி அடைமழை. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மருமகள் கூப்பிட்டாள். குரலில் நடுக்கம் இல்லை.

"டீச்சர், ஒண்ணு வந்துது. யுட்டிலிட்டியோடயே நின்னுடுச்சு, உள்ள வரல. பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும், குட்டி போல. அடிவயித்தைப் பாத்துட்டேன், பட்டை இல்ல. ஆயா காகிதம் புடிச்சாங்க, பாப்பா டார்ச் அடிச்சா. மல்லியிலயே விட்டுட்டோம்."

தொட்டிக்குக் கீழே ஒரு செங்கல் ஊறி உடைந்திருக்கிறதாம். மழை விட்டதும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.